முந்நூறு வினாடி

செல்லனின் கம்ப்யூட்டருக்கு உடம்பு சவப்பெட்டிப் பலகை. கோலசிலாங்கூரில் சவப்பெட்டி செய்யும் சீனப் பெரியவர் ஒருவர் மிச்சமான துண்டுகளைச் சும்மா கொடுத்தாராம். அவற்றை அறுத்து ஆணியடித்துப் பெட்டியாக்கி, உள்ளே கம்பியும் எலக்ட்ரானிக் சில்லுமாக அடைத்து வைத்திருந்தான். "இதுக்குள்ள யாருப்பா படுத்திருக்கா?" என்று நான் கேட்டபோது தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயமே சிரித்தது. செல்லனும் சேர்ந்து சிரித்தான். அவன் அப்படித்தான், என்ன சொன்னாலும் கோபம் வராது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நான் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, இங்கே கிராணி என்பார்கள். தஞ்சோங் காராங் சாலையில், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனைக்கு மாறிய தோட்டம் எங்களுடையது. தோட்டத்துக்கு வரும் கடிதம் எதுவானாலும் முதலில் என் மேசைக்கு வரும். லயத்து ஆட்கள் சன்னலுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கிலீஷ் கடிதம் என்றால் படித்துச் சொல்வதும் நான்தான்.

செல்லன் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மலாய் பேசுவான். இங்கிலீஷில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எண்களும் சில்லுகளின் பெயர்களும்தான். அப்படிப்பட்டவன் 1986-இல் லயத்து வீட்டில் உட்கார்ந்து சொந்தமாகக் கம்ப்யூட்டர் செய்தான் என்றால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. அது பச்சை எழுத்தில் அவன் மனைவி அமராவதியின் பெயரைத் திரை முழுக்க எழுதிக் காட்டியபோதுதான் நம்பினேன்.

சாமான்களைக் கோலாலம்பூரில் ஒரு மாடிக்கடையில் ஒவ்வொன்றாக வாங்கி வந்தான். அதே கடையில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளும் கிடைத்தன. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு என் குவாட்டர்ஸ் படிக்கட்டுக்குக் கீழே வந்து நிற்பான். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துத் தமிழில் சொல்வேன். நான் படித்ததில் பாதி எனக்கே புரியாது, அவனுக்குப் புரியும். ஆனால் நான் வாயைத் திறக்காமல் அவனுக்கு ஒன்றும் புரியாது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்?

இதற்கிடையில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. கிள்ளான் தலைமை அலுவலகத்திலிருந்து சிவானந்தம் என்பவர் வந்தார். புரோகிராம் எழுதுகிறவர். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அரைநாள் அதோடு மல்லாடிவிட்டு, "கோலாலம்பூருக்கு அனுப்பணும்" என்று கைகழுவினார். அப்போது ஆபீசில் விளக்கு மாற்ற வந்திருந்த செல்லன் மெல்ல, "நான் பாக்கட்டா சார்?" என்றான். பார்த்தான். இருபது நிமிடத்தில் ஓடவைத்தான்.

சிவானந்தத்துக்கு ஆச்சரியம். நேராக லயத்துக்கே போய்ச் சவப்பெட்டிப் பலகைக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"செல்லன், எங்க செக்‌ஷன்ல டெக்னீஷியன் வேலை ஒண்ணு இருக்கு. ஆனா உன்கிட்ட சர்ட்டிபிகேட் இல்ல. சும்மா உன்னை எடுத்தா மேல கேள்வி கேப்பாங்க. அதனால ஒரு டெஸ்ட் வைக்கிறேன். என் டிஸ்க்ல ஒரு புரோகிராம் இருக்கு. கணக்குப் போட்டு முடிச்சிட்டு, எத்தனை வினாடி ஆச்சுன்னு அதுவே ஸ்கிரீன்ல எழுதும். எங்க கம்ப்யூட்டர்ல முந்நூறு வினாடி ஆகுது. உன்னோடது எரநூத்து நாப்பதுக்குள்ள முடிச்சா, அதக் காட்டியே உன்னை எடுத்துருவேன். ஒரு மாசம் டைம்."

டெக்னீஷியன் என்றால் ஸ்டாஃப். கிள்ளானில் கம்பெனி வீடு, நாள் முழுக்கக் கரண்டு, குழாயில் தண்ணீர். அமராவதி அப்போது ஐந்து மாதம். போன வருஷம் ஒரு பிள்ளை, லயத்துக் காய்ச்சலில் எட்டு மாதத்திலேயே போயிருந்தது. இந்தப் பிள்ளையை லயத்தில் பெற மாட்டேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாரும் அறிவார்கள்.

அடுத்த சனிக்கிழமை செல்லன் வந்தான். அன்றைக்குக் கீழே நிற்கவில்லை. விறுவிறுவென்று படியேறி வந்து என் எதிரில் இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தான். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவனுக்கு.

"அண்ணே, இதப் படிங்கண்ணே. வேகத்த ஏத்துறது எப்படின்னு இதுல போட்டிருக்கான்."

அண்ணனாம். பத்து வருஷமாக ஐயா என்று கூப்பிட்ட வாய். அந்த நாற்காலியில் மேனேஜரும், ஆலைக் கிராணியும், என் மைத்துனரும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் அப்பா காலத்தில் இவன் அப்பா எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.  பத்திரிகையை வாங்கினேன்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் விரல்நகம் அளவுக்குத் தகரக் கூடு ஒன்று இருக்கும். கிரிஸ்டல் என்பார்கள். அது துடிக்கும் வேகத்துக்குத்தான் கம்ப்யூட்டர் வேலை செய்யும். ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போலவே செல்லனுடையதிலும் இருந்தது பதினாலு. அதை எடுத்துவிட்டு இருபது வைத்தால் கம்ப்யூட்டரும் அந்த அளவுக்கு வேகமாக ஓடும், சில்லு சூட்டைத் தாங்கினால். இதையெல்லாம் வரிவரியாகச் சொன்னேன். அவன் குனிந்து படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

கடைசியில் ஒரு பத்தி பாக்கி இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரமும் அதே கிரிஸ்டலில்தான் ஓடுகிறது, கிரிஸ்டலை மாற்றினால் அந்தக் கடிகாரமும் அதே அளவு வேகமாக ஓடும், ஆகவே வேகத்தை அளக்க அதை நம்ப வேண்டாம், கைக்கடிகாரத்தில் பாருங்கள் என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். எவ்வளவு வேகமாக ஓடினாலும் சிவானந்தத்தின் டிஸ்க் முந்நூறு என்றுதான் எழுதும். எனக்கே அது புரிந்தது.

"அவ்வளவுதானாண்ணே?" என்றான்.

"அவ்வளவுதான்" என்று பத்திரிகையை மூடிக் கொடுத்தேன்.

இதில் எனக்குச் சல்லிக்காசு லாபம் கிடையாது. அந்த வேலை என் வீட்டில் யாருக்கும் வரப்போவதும் இல்லை. அவன் கிள்ளானுக்குப் போய் ஸ்டாஃப் ஆகி, என்றைக்காவது சட்டையை இன் பண்ணிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து எனக்குக் கை கொடுப்பான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று வாரம் செல்லன் ஆலை விட்டால் வீடு, வீடு விட்டால் ஆலை என்று கிடந்தான். இருபது கிரிஸ்டலைப் பற்றவைத்தான். சூடு தணிக்க பழைய மேசை விசிறியின் தலையைப் பெட்டிக்குள் திருகினான். பத்திரிகையில் இருந்த ஒரு கணக்குப் புரோகிராமை எழுத்தெழுத்தாகத் தட்டி ஓடவிட்டு, கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். முன்பு ஐந்து நிமிடம் எடுத்தது மூன்றரை நிமிடத்தில் முடிந்தது. லயம் முழுக்கச் சொல்லிவிட்டான். அமராவதி பெட்டிகளைக் கட்டாத குறை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிவானந்தம் வந்தார். ஆபீஸ் கூடத்தில் மேசை போட்டிருந்தோம். ஆலை ஆட்கள் பத்துப் பேர் சன்னல்களில் தொங்கினார்கள். அமராவதி குங்குமம் வைத்த நெற்றியோடு தூணோரம் நின்றாள்.

டிஸ்க்கைப் போட்டார்கள். புரோகிராம் ஓடத் தொடங்கியது. சிவானந்தத்தின் கையில் நல்ல வாட்ச் ஒன்று இருந்தது. அவர் அதைப் பார்க்கக் கூடாது, எனக்கு அது ஒன்றுதான் கவலை. கோப்பியையும் கறிப்பப் பலகாரத்தையும் நீட்டினேன்.

"பசியாறுங்க சார். சுங்கை பெசார் பக்கம் ரோடு எப்படி? உங்களுக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்கல்ல?"

அவர் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் அத்தை கதை பாதியில் இருக்கும்போது கம்ப்யூட்டர் 'பீப்' என்றது. எல்லாரும் திரும்பினோம். திரையில் பச்சையாக எழுதியிருந்தது: 300.

செல்லன் தன் வாட்சைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"சார், இல்ல சார். என் வாட்ச்ல மூணரை நிமிசம்தான்."

"அது பாசார் மாலாம் வாட்ச்சு சார்" என்றேன் நான். "ராத்திரிச் சந்தையில பத்து வெள்ளி. நேரமும் அதுக்குத் தக்கபடிதான் காட்டும்."

சன்னலில் சிரிப்பு வெடித்தது. சிவானந்தமும் சிரித்துவிட்டார். செல்லன் வாட்சைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டான், உதறினான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூன்று வாரமாக இந்த ஓட்டை வாட்ச் தன்னை ஏமாற்றிவிட்டது என்று அவன் நம்பிவிட்டான். கம்ப்யூட்டர் பொய் சொல்லும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதைச் செய்தவனே அவன்தான்.

"சார், இன்னொரு தடவ. இருபத்து நாலு கிரிஸ்டலும் கையில வச்சிருக்கேன். அத மாத்திட்டு ஓட்டுறேன் சார்."

சிவானந்தம் சரி என்றார். நல்ல மனுஷன்தான். செல்லன் சால்டரிங் அயர்னை எடுத்தான். இருபத்து நாலை வைத்து ஓட்டினான். நான் சிவானந்தத்தைத் தோட்டத்துப் பழைய போட்டோக்கள் மாட்டியிருந்த சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு போட்டோ பார்ப்பதற்குள் 'பீப்'.

300.

ஒரு வினாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "சவப்பெட்டிக்குள்ள இருக்கிறது எழுந்து ஓடுமா?" என்று யாரோ ஒருவன் கத்தினான். அந்த வேடிக்கை என்னுடையது, இப்போது ஊரே அதைச் சொன்னது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"போதும் செல்லன்" என்றார் சிவானந்தம்.

"முப்பது இருக்கு சார். கடைசி சார். இது ஒண்ணு மட்டும்."

முப்பதை வைத்தான். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. அவனே கட்டிய பவர் பெட்டியில் வோல்ட்டேஜைக் கூட்டும் திருகு ஒன்று இருந்தது. ஐந்துக்கு மேல் ஏற்றினால் சில்லு போய்விடும் என்று எனக்கே பாடம் சொன்னவன் அவன். அன்றைக்கு ஆறு வரைக்கும் ஏற்றினான். திரையில் எழுத்து வந்தது. "வந்துருச்சு! வந்துருச்சு அமராவதி!" என்று கத்தினான். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, சார் உங்கள் வாட்சைப் பாருங்கள் என்று. வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், முடிவு என்ன ஆகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையில் எழுத்துகள் கலைந்து கண்டபடி ஓடின. பிறகு பட்டென்று ஒரு சத்தம். பலகைப் பெட்டியின் இடுக்குகளில் புகை வந்தது. எரிந்த நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. செல்லன் வெறுங்கையால் சில்லைப் பிடுங்கப் போய் மூன்று விரலைச் சுட்டுக்கொண்டான். அப்படியும் விடவில்லை. சிவானந்தம்தான் அவனை இழுத்து நிறுத்தினார். அமராவதி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு நாள் கழித்துச் செல்லன் விரல்களில் கட்டோடு ஆபீஸ் சன்னலுக்கு வந்தான்.

"ஐயா, சாருக்கு ஒரு கடுதாசி எழுதணும். ஞாயித்துக்கெழமயும் அதுவுமா அவ்வளவு தூரம் வர வச்சு அவரு நேரத்த வீணாக்கிட்டேன். மன்னிச்சிருங்கன்னு இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்கய்யா."

எழுதிக் கொடுத்தேன். நல்ல இங்கிலீஷில், டைப் அடித்து. என் அறிவுக்கு மீறி ஆசைப்பட்டுவிட்டேன் என்று என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன். கட்டுப்போட்ட கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. அவன் பெயருக்குத்தான் வந்தது, என் மேசைக்குத்தான் வந்தது. பிரித்துப் படித்தேன்.

அன்றைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போதே சிவானந்தத்துக்கு உறுத்தியிருக்கிறது. இருபதிலும் இருபத்து நாலிலும் ஓட்டியும் எப்படி ஒரே எண் வரும்? ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கடிகாரமும் அதே கிரிஸ்டலில் ஓடுகிறது, தவறு என் புரோகிராமில்தான், உன் கம்ப்யூட்டர் உண்மையிலேயே வேகமாக ஓடியது, உன் வாட்ச் சரி, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான் என்று முதல் பத்தியில் எழுதியிருந்தார். இரண்டாம் பத்தியில் வேலை. கம்ப்யூட்டரைக் கொண்டுவர வேண்டாம், நீ வந்தால் போதும், அக்டோபர் 6, திங்கட்கிழமை காலை 8.30.

செல்லனையும் அமராவதியையும் கூப்பிட்டுவிட்டேன். சன்னலுக்கு வெளியே நின்றார்கள். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததை வாசித்தேன்.

"மன்னிப்பை ஏத்துக்கிட்டாராம். இனிமே இந்த விளையாட்டெல்லாம் வேணாமாம். ஆலை வேலையை ஒழுங்கா பாரு, குடும்பத்தைக் கவனின்னு எழுதியிருக்காரு."

செல்லன் கடிதத்தை வாங்கி எண்களைத் தேடினான். எண்கள் அவனுக்குத் தெரியுமே. "எட்டரைன்னு போட்டிருக்கே ஐயா?"

"அவங்க ஆபீஸ் தொறக்கிற நேரம். பெரிய கம்பெனிக் கடுதாசியில அப்படித்தான் போடுவான்."

தலையாட்டினான். திட்டியிருந்தாலும் அவன் பெயரை மிஸ்டர் போட்டு டைப் அடித்து வந்த முதல் கடிதம் அது. அமராவதி அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறாம் தேதி போயிற்று. ஏழாம் தேதி சிவானந்தம் போன் செய்தார், செல்லன் ஏன் வரவில்லை என்று. "அவனுக்கு டவுன் பக்கம் வர இஷ்டமில்லையாம் சார். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றேன். அவர், அப்படியானால் வேறு ஆளைப் போட்டுவிடுகிறேன் என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆள் சேர்ந்துவிட்டதாகத் தகவலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. ஆலை ஆட்கள் ஒவ்வொருவரும் தங்கள் சாமான்களை வீட்டில் வைத்துக் கும்பிடுவார்கள், என்னையும் ஒவ்வொரு வீட்டுக்கும் அழைப்பார்கள். செல்லன் வீட்டுக்கும் போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது. பிளையர், டெஸ்டர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நடுவில் செத்துப்போன கம்ப்யூட்டர். அதன்மேல் அந்தக் கடிதம், அதற்கும் ஒரு பொட்டு. வீடு நிறைய ஆட்கள். செல்லன் என் கையில் பொரிகடலைத் தட்டைக் கொடுத்தான்.

அமராவதி கடிதத்தை எடுத்து நீட்டினாள். "ஐயா, இத எல்லாருக்கும் ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. என்ன எழுதிருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

நல்ல நாள், பத்துப் பேர் முன்னால், பொட்டு வைத்த கடிதம். அதை வைத்துக்கொண்டு திட்ட எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கொஞ்சம் நல்லதாகச் சொல்லிவைப்போம் என்று பெரிய மனது பண்ணினேன்.

"அன்புள்ள செல்லன், உன் முயற்சியைப் பாராட்டுகிறேன். தோல்வியை நினைச்சு வருத்தப்படாதே. உன் குடும்பத்துக்கு என் வாழ்த்துகள்..."

"ஐயா" என்றாள் அமராவதி. "அன்னைக்கு வேற மாதிரில்ல படிச்சீங்க? இந்த விளையாட்டெல்லாம் வேணாம், ஆலை வேலையப் பாருன்னு படிச்சீங்க. நான் தெனம் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்குறேன். அந்த வரி எங்க?"

"அது... கீழே இருக்கு."

"எங்க ஐயா? தொட்டுக் காட்டுங்க."

நான் தொட்ட இடத்தை அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து கடிதத்தை உருவி, வாசல் பக்கம் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். அடுத்த வீட்டுத் திலகம், கோலசிலாங்கூர் ஹைஸ்கூல் ஹாஸ்டலில் தங்கி நான்காம் பாரம் படிக்கிறவள், பூஜைக்கு வந்திருந்தாள். "நீ படிடீ."

திலகம் இங்கிலீஷில் மெதுவாக வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கடிகாரம், கிரிஸ்டல், தவறு என் புரோகிராமில்தான். பிறகு அக்டோபர் ஆறு, எட்டரை மணி, வேலைக்கு வா.  நான் பொரிகடலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

செல்லன் திலகத்தின் பக்கம் போனான். நான் எதிர்பார்த்த எதையும் அவன் கேட்கவில்லை.

"அப்ப வேகமாத்தான் ஓடிச்சா? என் மிசினு வேகமாத்தான் ஓடிச்சா திலகம்? அதத் திரும்பப் படி, மொதல்ல உள்ளத."

அவள் திரும்பப் படித்தாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான். கம்ப்யூட்டரின் பலகையைத் தட்டித் தட்டி, "பாத்தியா, பாத்தியா" என்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு நாளுதானே ஆச்சு. நாளைக்கி மொத பஸ்ல போயிர்றேன். சார் நல்லவரு, கோவிச்சுக்க மாட்டாரு. எஞ்சட்டைய எடுத்து வை அமராவதி" என்றான்.

அமராவதி அசையவில்லை. அவள் கண் என் முகத்திலேயே இருந்தது.

"ஐயா, அந்த எடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால், அந்தப் பத்துப் பேரும் என்னை அடித்திருந்தால், நான் திருப்பிக் கத்தியிருப்பேன். யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவள் கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். செல்லனுக்கு நாங்கள் பேசியது காதிலேயே விழவில்லை. அவன் திலகத்திடம் முதல் பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.